விமானி என்னதான் செய்கிறார்? குமரிக்காரர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

நம் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஆனால் விமானத்தோடு சம்பந்தமில்லாத தெருவும் கிடையாது. மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல், தக்கலை என்று எந்தப் பக்கம் போனாலும் துபாயிலோ மஸ்கட்டிலோ குவைத்திலோ ஆள் இருக்கும் வீடுகள்தான். களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போய் ஆளை ஏற்றிவிடுவதும், விடியக்காலையில் போய்க் கூட்டி வருவதும் நமக்குப் பழகிப்போன வேலை. இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட நாட்களில் சில விமானங்கள் ஊருக்கு மேலே வட்டமடித்துவிட்டு, இறங்காமலே கொச்சிக்குப் போய்விடும். வேன் பிடித்து வந்து வாசலில் காத்து நிற்கும் கூட்டத்தில் அப்போது ஒரு பேச்சு கிளம்பும்: "மழையில இறக்கத் தெரியாத பைலட்டு போல."

அந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். இறங்காமல் திருப்பிக்கொண்டு போன அந்த விமானி, தன் வேலையின் மிக முக்கியமான பகுதியைத்தான் அந்த நேரத்தில் செய்துகொண்டிருந்தார். கைப்பிடியைப் பிடித்து ஓட்டுவது விமானி வேலையில் ஒரு பங்கு. எப்போது போகலாம், எப்போது போகக் கூடாது, எப்போது திரும்ப வேண்டும் என்று முடிவெடுப்பது அதைவிடப் பெரிய பங்கு. இந்த முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தன்னால் புரியும்.

வேலை விமானத்துக்கு வெளியேதான் தொடங்குகிறது. புறப்படும் நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே விமானிகள் பணிக்கு வந்துவிடுவார்கள். முதலில் ஊதிக் காட்டும் சோதனை. இந்திய விதிப்படி, பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் ஒரு சொட்டு மதுவும் கூடாது. சோதனையில் பூஜ்யம்தான் வர வேண்டும், கொஞ்சம் வந்தால் பரவாயில்லை என்ற பேச்சே இல்லை. ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்துக்குக்கூடத் தடை உண்டு.

அப்புறம் காகிதங்கள். இப்போது பெரும்பாலும் ஐபேடில் வந்துவிட்டன, ஆனாலும் எல்லாரும் காகிதம் என்றுதான் சொல்கிறார்கள். போகும் பாதை, உயரம், வழியில் காற்று எப்படி, இறங்கும் ஊரில் வானிலை எப்படி, அங்கே முடியாவிட்டால் வேறெங்கே இறங்குவது என எல்லாம் அதில் இருக்கும். கூடவே 'நோட்டாம்' எனப்படும் அறிவிப்புகள். ஓடுபாதையில் ஒரு விளக்கு வேலை செய்யவில்லை, பக்கத்தில் உயரமான கிரேன் நிற்கிறது, இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை நிலையம் மூடியிருக்கும் என்பவை போன்ற செய்திகள் அதில் வரும்.

இதற்கு நமக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஒன்று உண்டு. திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் வழி, விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்து செல்கிறது. நிலையம் வருவதற்கு முன்பிருந்தே அதுதான் ஊர்வலப் பாதை. அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், சாயங்காலம் சில மணி நேரத்துக்கு ஓடுபாதையை மூடிவிடுவார்கள். சுவாமி கடலாடித் திரும்பிய பிறகுதான் மறுபடியும் விமானம். இந்த மூடல் உலகம் முழுவதும் உள்ள விமானிகளுக்குத் தெரிய வருவது நோட்டாம் மூலமாகத்தான். அபுதாபியில் உட்கார்ந்து திட்டமிடும் ஒருவர், பத்மநாப சுவாமி எத்தனை மணிக்குப் பாதையைக் கடக்கிறார் என்று பார்த்துத்தான் தன் நேரத்தை முடிவு செய்ய வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

அடுத்தது எரிபொருள். கேப்டனின் மனசு எப்படி வேலை செய்கிறது என்பது இந்தக் கணக்கில் தெளிவாகத் தெரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

துபாயிலிருந்து திருவனந்தபுரம் வர ஏறக்குறைய 4 மணி நேரம். ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற விமானங்கள் மணிக்கு இரண்டரை டன் பக்கம் எரிபொருள் குடிக்கும். லிட்டரில் கணக்குப் பார்ப்பதைவிட எடையில் பார்ப்பதுதான் வழக்கம், ஏனென்றால் பறப்பதற்கு எடைதான் முக்கியம். ஆக, போய்ச் சேர மட்டும் சுமார் 10 டன். அதை மட்டும் நிரப்பிக்கொண்டு கிளம்ப முடியாது. எதிர்பாராத காற்று, வேறு உயரத்தில் பறக்கவேண்டி வருதல் போன்றவற்றுக்காகப் பயண எரிபொருளில் பொதுவாக 5 சதவீதம் கூடுதலாகப் போட வேண்டும். திருவனந்தபுரத்தில் இறங்க முடியாமல் போனால் மாற்று நிலையத்துக்குப் பறக்க வேறொரு பங்கு. அந்த மாற்று நிலையம் பல நேரம் கொச்சியாக இருக்கும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் 30 நிமிடம் வானில் சுற்றும் அளவுக்குக் கடைசி இருப்பு ஒன்று தொடாமல் இருக்க வேண்டும். இத்தனைக்கும் மேலே, இன்றைக்கு மேகம் சரியில்லை, கூட அரை மணி நேரத்துக்குப் போடுங்கள் என்று கேட்கும் உரிமை கேப்டனுக்கு இருக்கிறது.

நிறையப் போட்டுக்கொண்டால் என்ன என்று தோன்றலாம். கூடுதலாக ஏற்றும் எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும். விமானத்தின் மொத்த எடைக்கும் வரம்பு இருக்கிறது, இந்த ரக விமானங்களுக்கு அது 79 டன் அளவில் வரும். அதிகம் போட்டால் சில சமயம் ஆளையோ பெட்டியையோ குறைக்க வேண்டியிருக்கும். குறைத்துப் போட்டால் மழை நாளில் யோசிக்க நேரம் இருக்காது. கேப்டன் கேட்டு வாங்கும் அந்த ஒரு டன், பிறகு வானில் அவருக்குக் கிடைக்கும் அவகாசம். கொச்சிக்குப் போன விமானம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததற்கு, நான்கு மணி நேரத்துக்கு முன்னால் துபாயில் ஒருவர் போட்ட கையெழுத்துதான் காரணம்.

பயணிகள் ஏறுவதற்கு முன்னால் இரண்டு விமானிகளில் ஒருவர் கீழே இறங்கி விமானத்தை ஒரு சுற்று நடந்து பார்ப்பார். எங்கள் குடும்பத்தில் ஒரு பையன் துணை விமானியாக இருக்கிறான். அவனிடம் இதைப் பற்றிக் கேட்டால் நிறுத்தாமல் பேசுவான். மஞ்சள் நிற மேல்சட்டை, கையில் டார்ச். மழை பெய்தாலும் நனைந்துகொண்டேதான். மூக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி ஒரே திசையில் சுற்ற வேண்டும், அப்போதுதான் எதுவும் விட்டுப்போகாது. மூக்கின் பக்கவாட்டில் விரல் தடிமனில் சிறு குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்குப் பிட்டோ குழாய் என்று பெயர். எதிரே வரும் காற்றின் அழுத்தத்தை வைத்து வேகத்தைச் சொல்பவை அவைதான். நிறுத்திவைத்த விமானத்தில் குளவி போய் அதற்குள் மண் அடைத்து வைத்தால் விமானிகள் உட்காரும் அறையான காக்பிட்டில் வேகமே தப்பாகக் காட்டும். அதனால் டார்ச் அடித்து ஒவ்வொரு குழாயின் வாயையும் பார்க்கிறார்கள். டயரில் வெட்டு இருக்கிறதா, பிரேக் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எண்ணெய் எங்காவது சொட்டுகிறதா, இன்ஜினின் விசிறி இதழ்களில் பறவை பட்ட அடையாளம் உண்டா, கதவு மூடிகள் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று வரிசையாகப் போகும். பொறியாளர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். இருந்தாலும் ஓட்டப்போகிறவரின் கண் ஒருமுறை படாமல் விமானம் கிளம்பாது. அடுத்த முறை ஜன்னலோர இருக்கை கிடைத்தால் கீழே பாருங்கள், டார்ச்சோடு ஒருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நிற்பதைக் காணலாம்.

இனி காக்பிட்டுக்குள் போவோம். இடப்பக்க இருக்கையில் கேப்டன், தோளில் நான்கு பட்டை. வலப்பக்கம் துணை விமானி, பெரும்பாலும் மூன்று பட்டை. துணை விமானி என்றால் கற்றுக்கொள்ளும் பையன், பெரியவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. அவரும் முழு உரிமம் பெற்றவர், அந்த ரக விமானத்தை ஓட்டத் தனியாகத் தேறியவர், தேவைப்பட்டால் விமானத்தைத் தனியாகவே இறக்கக்கூடியவர். ஒரு பயணத்தில் கேப்டன் ஓட்டினால் அடுத்த பயணத்தில் துணை விமானி ஓட்டுவது வழக்கமான ஏற்பாடு. நீங்கள் இதுவரை இறங்கிய மிருதுவான இறக்கங்களில் பாதியாவது வலப்பக்கம் இருந்தவர் கைவண்ணமாக இருக்கலாம்.

வேலையை அவர்கள் பிரித்துக்கொள்ளும் விதம் இப்படி: ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணிப்பார். கண்காணிப்பவர் சும்மா இருப்பதில்லை. ரேடியோவில் பேசுவது, செக்லிஸ்ட் எனப்படும் சரிபார்ப்புப் பட்டியலைப் படிப்பது, ஓட்டுபவர் கேட்கும்போது சக்கரத்தை மடக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுபவர் செய்வதில் எங்காவது பிசகு இருந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பாதையைக் கணினியில் ஒருவர் ஏற்றினால் மற்றவர் சரிபார்க்கிறார். கட்டுப்பாட்டு அறை ஒரு உயரத்தைச் சொன்னால் ஒருவர் அதைத் திருப்பிச் சொல்லி, பொத்தானைத் திருகி எண்ணை வைப்பார், மற்றவர் அந்த எண்ணைக் கையால் சுட்டிக்காட்டி உறுதி செய்வார். நாள் முழுக்க இது நடக்கிறது.

இது இப்படி அமைந்ததற்குப் பின்னால் ஒரு பெரிய துயரம் இருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவில், மூடுபனிக்குள் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்தில் நடந்த மிகப் பெரிய விபத்துகளில் ஒன்று அது. புறப்பட அனுமதி வராமலே ஒரு விமானத்தின் கேப்டன் வேகமெடுக்கத் தொடங்கியிருந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த விமானப் பொறியாளர், எதிர் விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று சந்தேகத்தோடு கேட்டார். மிகவும் மூத்த, மதிப்பு வாய்ந்த அந்தக் கேப்டன், விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

மூத்தவர் முன்னால் குரல் எழுப்பத் தயங்குவது எல்லா நாட்டு மனிதர்களுக்கும் உள்ளதுதான். நம் வீடுகளில் அது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. டெனெரிஃபுக்குப் பிறகு விமானிகளுக்கான பயிற்சியில், பேசுவதும் கேட்பதும் ஒரு பாடமாகவே வந்துவிட்டது. இளையவர் தயங்காமல் சொல்ல வேண்டும், மூத்தவர் கோபப்படாமல் கேட்க வேண்டும். இன்றைக்கு ஒரு நல்ல கேப்டன் புறப்படுவதற்கு முன்பே துணை விமானியிடம், "நான் ஏதாவது தப்பாகச் செய்தால் உடனே சொல்லுங்கள்" என்று சொல்லிவிடுகிறார். மரியாதை குறைந்துவிடும் என்று யாரும் நினைப்பதில்லை.

சரி, புறப்படுகிறோம். திருவனந்தபுரத்தின் ஓடுபாதை ஏறக்குறைய 3,400 மீட்டர் நீளம். அதன் இரு முனைகளிலும் 14, 32 என்று எழுதியிருக்கும். திசைகாட்டியில் 140 பாகை, 320 பாகை என்பதன் சுருக்கம் அது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் முகம் வைத்துப் புறப்படுவதுதான் முறை, அப்போதுதான் இறக்கைக்குத் தேவையான காற்றோட்டம் சீக்கிரம் கிடைக்கும்.

ஓட்டம் தொடங்கியதும் கண்காணிப்பவர் வேகத்தைச் சொல்லிக்கொண்டே வருவார். அதில் 'வி ஒன்' என்ற சொல்தான் கவனிக்க வேண்டியது. அன்றைய எடை, காற்று, வெப்பம், பாதை ஈரமா உலர்ந்ததா என்பதையெல்லாம் வைத்து முன்கூட்டியே கணக்கிட்ட வேகம் அது, மணிக்கு 250 கி.மீ. அளவில் வரும். அந்த வேகத்தை எட்டும் வரை ஏதாவது பெரிய கோளாறு என்றால் நிறுத்திவிடலாம். தாண்டிவிட்டால் நிறுத்தக் கூடாது. மிச்சமிருக்கும் பாதை நிற்கப் போதாது. ஓர் இன்ஜின் செயலிழந்தாலும் மேலே ஏறித்தான் ஆக வேண்டும், ஓர் இன்ஜினிலேயே ஏறும்படிதான் விமானமும் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதனால் வி ஒன் வரை கேப்டனின் கை இன்ஜின் விசைக் கம்பியின் மேலேயே இருக்கும். அந்தச் சொல் காதில் விழுந்ததும் கையை எடுத்துவிடுவார். நிறுத்தலாமா என்ற யோசனைக்கே இனி இடமில்லை என்பதை உடம்பு வழியாகவே உறுதி செய்துகொள்ளும் பழக்கம் அது.

10,000 அடிக்குக் கீழே பறக்கும் வரை காக்பிட்டில் வேலைக்குத் தேவையில்லாத பேச்சு கூடாது. பணிப்பெண்களும் அவசரம் இல்லாமல் விமானிகளைக் கூப்பிட மாட்டார்கள். இறங்கும்போதும் இதே விதிதான்.

மேலே போன பிறகு ஆட்டோ பைலட் பார்த்துக்கொள்ளுமே, விமானிக்கு என்ன வேலை என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆட்டோ பைலட் சொன்னதைச் செய்யும் கருவி. எந்த உயரம், எந்தத் திசை, எந்த வேகம் என்று சொல்லிக்கொடுப்பவர் விமானி. தப்பான எண்ணைக் கொடுத்தால் அது மிகத் துல்லியமாகத் தப்பான இடத்துக்குக் கொண்டுபோகும். புறப்படுவது கையால்தான். இறங்குவதும் பெரும்பாலும் கையால்தான். நடுவில் உள்ள நேரத்தில் எரிபொருள் கணக்கோடு ஒத்துப்போகிறதா, வானிலை ரேடாரில் இடிமேகம் எங்கே தெரிகிறது, இந்த நிமிடம் ஏதாவது ஆனால் பக்கத்தில் எந்த நிலையம் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வளைகுடாவிலிருந்து வரும்போது மஸ்கட், மும்பை, சென்னை என்று கட்டுப்பாட்டு மையங்கள் கை மாறும். அரபிக் கடலின் நடுவில் சாதாரண ரேடியோ எட்டாது, அங்கே வேறு அலைவரிசையிலோ எழுத்துச் செய்தியாகவோ பேசிக்கொள்வார்கள். இருவரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடாமல் பார்த்துக்கொள்வதும் பல நிறுவனங்களில் வழக்கம். கெட்டுப்போன உணவால் ஒருவருக்கு வயிறு கலங்கினாலும் இன்னொருவர் தெம்பாக இருக்க வேண்டும்.

இப்போது இறங்கும் கட்டம். இறங்குமிடத்துக்கு ஏறத்தாழ 200 கி.மீ. முன்பே உயரத்தைக் குறைக்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன்பே இருவரும் பேசி முடித்திருப்பார்கள்: எந்தப் பக்கமிருந்து இறங்குகிறோம், காற்று எவ்வளவு, பாதை தெரியாவிட்டால் எந்தப் பக்கம் ஏறிப்போவது, எரிபொருள் எவ்வளவு குறைந்தால் காத்திருப்பதை விட்டுவிட்டுக் கொச்சிக்குத் திரும்புவது. அந்தக் கடைசி எண்ணைக் காகிதத்தில் எழுதியே வைத்துக்கொள்வதும் உண்டு. பதற்றமில்லாத நேரத்தில் எடுத்த முடிவு, பதற்றமான நேரத்தில் கை கொடுக்கும்.

ஆனி, ஆடி மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. விமானம் கோவளம் பக்கமிருந்து கரையை ஒட்டி 320 பாகையில் வருகிறது, அதாவது காற்று இடப்பக்கம் சாய்ந்து வந்து மோதுகிறது. மூக்கைச் சற்றே கடல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் நேர்கோட்டில் வர முடியும். வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தரையிலிருந்து வரும் ரேடியோ கதிர் ஒன்று திசையையும் சரிவையும் காட்டிக்கொண்டிருக்கிறது. 1,000 அடிக்கு வருவதற்குள் சக்கரம் இறங்கியிருக்க வேண்டும், வேகம் சரியாக இருக்க வேண்டும், சரிவு சரியாக இருக்க வேண்டும். ஒன்று சரியில்லை என்றாலும் மேலே ஏறிவிட வேண்டும். அப்புறம் தீர்மான உயரம், பொதுவாகத் தரையிலிருந்து 200 அடி அளவில். அந்த இடத்தில் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணுக்குத் தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் இறங்கக் கூடாது. இன்னும் 15, 20 வினாடியில் சக்கரம் தொட்டுவிடும் என்ற நிலையில், வீட்டுக்குப் போகும் அவசரத்தில் 180 பேர் பின்னால் இருக்கும்போது, "கோ அரவுண்ட்" என்று சொல்லிவிட்டு விசையை முன்னால் தள்ள வேண்டும். விமானம் உறுமிக்கொண்டு மேலே ஏறும். உள்ளே இருப்பவர்களுக்கு வயிற்றைப் பிசையும். கொஞ்ச நேரம் ஒலிபெருக்கியில் அறிவிப்பும் வராது, ஏனென்றால் இருவருக்கும் அந்த நிமிடங்களில் கை நிறைய வேலை.

குளச்சல், முட்டம் பக்கத்தில் வானத்தைப் பார்த்துவிட்டு வள்ளத்தை இறக்காமல் வீடு திரும்பும் மூத்த கடலோடியை யாரும் கடல் தெரியாதவர் என்று சொல்வதில்லை. அவருக்குக் கொடுக்கும் மதிப்பை இவருக்கும் கொடுக்கலாம்.

ஏறிப்போகாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 7, துபாயிலிருந்து 190 பேரோடு கோழிக்கோடு வந்த விமானம். கொட்டும் மழை, குன்றின் மேல் அமைந்த ஓடுபாதை, பின்னாலிருந்து தள்ளும் காற்று. முதல் முயற்சியில் இறங்காமல் மேலே போய்விட்டு, இரண்டாவது முறை மறுபக்கமிருந்து வந்தார்கள். ஓடுபாதையில் ஏறக்குறைய பாதி தூரம் கடந்த பிறகுதான் சக்கரம் தொட்டது. நிற்க இடம் போதாமல் பாதையைத் தாண்டி, சரிவில் விழுந்து உடைந்தது. இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை சொன்னது இதுதான்: கண்காணித்த விமானி மேலே ஏறச் சொல்லிக் குரல் கொடுத்திருந்தார். ஓட்டியவர் தொடர்ந்து இறக்கினார், கண்காணித்தவர் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவும் இல்லை. இருவர் உட்கார்ந்திருப்பது ஏன், கோ அரவுண்ட் என்பது ஏன் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் அந்த ஓர் இரவில் இருக்கிறது. அந்த விமானத்தில் இருந்தவர்களில் பலரும் நம்மைப் போல வளைகுடா வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள்தான்.

வானில் கோளாறு என்றால் விமானிகளுக்கு ஒரு வரிசை மனப்பாடம்: முதலில் விமானத்தை ஓட்டு, பிறகு வழியைப் பார், அதற்குப் பிறகு பேசு. எச்சரிக்கை மணி அடித்ததும் ரேடியோவை எடுத்துக் கத்துவது முதல் வேலை ஆகாது. விமானம் நேராகப் பறக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைக் கூட்டம் மோதி இரண்டு இன்ஜின்களும் நின்றுபோன விமானத்தைக் கேப்டன் சல்லன்பர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கியதும், 155 பேரும் உயிர் பிழைத்ததும் பலருக்குத் தெரியும். பலர் கவனிக்காத ஒன்று, பறவை மோதியபோது ஓட்டிக்கொண்டிருந்தவர் துணை விமானி ஸ்கைல்ஸ். கேப்டன் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார், ஸ்கைல்ஸ் அந்த நொடியிலேயே இன்ஜினை மறுபடி உயிர்ப்பிக்கும் செக்லிஸ்டைப் படிக்கத் தொடங்கினார். யார் எதைச் செய்வது என்ற தடுமாற்றம் அங்கே இல்லை. பறவை மோதுவது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய ஆபத்தும் இல்லை. திருவனந்தபுரம் நிலையத்தைச் சுற்றிக் கொட்டப்படும் இறைச்சிக் கழிவைத் தேடிப் பருந்துகள் வருவது நெடுநாள் தொல்லை. கோழிக் கழிவை மூட்டை கட்டி ரோட்டோரம் வீசுகிறவர்களுக்கு, தலைக்கு மேலே இறங்கும் விமானத்தோடு அதற்கு உள்ள தொடர்பு தெரிந்தால் நன்றாக இருக்கும்.

கதவு மூடிய பிறகு விமானத்துக்குள் இறுதி அதிகாரம் கேப்டனுக்குத்தான். குடித்துவிட்டுத் தகராறு செய்யும் பயணியைக் கட்டிவைக்கச் சொல்லவும், வழியிலேயே இறங்கிப் போலீசில் ஒப்படைக்கவும் அவருக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. யாருக்காவது நெஞ்சுவலி வந்தால் எங்கே இறங்குவது என்று முடிவு செய்பவரும் அவரே.

இத்தனை முடிவுகளையும் எடுக்கிற மூளைக்குத் தூக்கம் வேண்டும். அதனால்தான் விமானிகளின் ஓய்வு, சட்டத்தால் வரையறுக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. வாராந்தர ஓய்வு முன்பு 36 மணி நேரமாக இருந்தது, புதிய விதியில் அது தொடர்ச்சியாக 48 மணி நேரம் ஆனது. நள்ளிரவுக்குப் பிறகான பணிக்கும் இறக்கங்களின் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு கூடியது. 2025 டிசம்பரில் நாடு முழுக்க விமானங்கள் ரத்தானபோது இந்த விதிதான் செய்திகளில் அடிபட்டது. தவித்த பயணிகளின் கோபம் நியாயமானது. ஆனாலும் அந்த விதியின் பக்கம்தான் நான் நிற்பேன். நம் வளைகுடா விமானங்களில் நிறைய நள்ளிரவில் கிளம்பி விடியும்போது வந்து சேர்பவை. மனித உடம்பு மிகவும் அசந்திருக்கும் அந்த மூன்று, நான்கு மணிக்குத்தான் விமானி இறங்குவதற்கான முடிவுகளை எடுக்கிறார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில், அதாவது தரையிலேயே இருக்கும் மாதிரி காக்பிட்டில், தேர்வு உண்டு. புறப்படும்போது இன்ஜின் நிற்பது, தீப்பிடிப்பது, காற்றழுத்தம் போவது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துச் சோதிப்பார்கள். மருத்துவப் பரிசோதனையும் தொடர்ந்து உண்டு. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் இதில் தேறாவிட்டால் பறக்க முடியாது. இப்படி 65 வயது வரை.

கடைசியாக, நாகர்கோவில் பக்கத்துப் பிளஸ் டூ பிள்ளைகள் கேட்கும் கேள்வி: இதற்கு எப்படிப் போவது? பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். பதினெட்டு வயது நிறைந்தால் வர்த்தக விமானி உரிமம் பெறலாம். அதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வான்வழி நடத்தல், வானிலையியல், விமான விதிகள், விமானத் தொழில்நுட்பம் ஆகிய தேர்வுகளில் தேற வேண்டும், ரேடியோவில் பேசத் தனி உரிமமும் தேவை. உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இருக்கிறது, தனியார் பள்ளிகளும் உண்டு. உரிமம் வாங்கியதும் ஏர்பஸ் 320 போன்ற குறிப்பிட்ட ரகத்துக்குத் தனிப் பயிற்சி. கேப்டன் ஆவதற்குத் தேவையான அடுத்த நிலை உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும்.

செலவு பல லட்சங்களில் போகும், ரப்பர் தோட்டத்தையோ வீட்டையோ அடகு வைக்கும் அளவுக்கு. அதனால் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன்: பள்ளியில் பணம் கட்டுவதற்கு முன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கண்ணாடி போட்டால் விமானி ஆக முடியாது என்று நம் ஊரில் பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது சரியில்லை. கண்ணாடி போட்டுப் பார்வை சரியாகிறது என்றால் பொதுவாகத் தடை இல்லை. நிறக்குருடு இருந்தால்தான் சிக்கல். அது சாதாரணமாக வீட்டில் யாருக்கும் தெரிவதே இல்லை. முதலில் கிளாஸ் 2 பரிசோதனை, பிறகு உரிமத்துக்கான கிளாஸ் 1. அதற்குப் பெங்களூரில் உள்ள விமானப்படையின் மருத்துவ நிறுவனம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட இடங்களுக்குப் போக வேண்டும். நாகர்கோவிலிலிருந்து பெங்களூருக்கு ராத்திரி ரயிலேறினால் காலையில் போய்விடலாம். அந்த இரண்டு சான்றிதழும் கைக்கு வந்த பிறகு வங்கிக் கடனைப் பற்றி யோசித்தால் போதும்.